லோடு வண்டியில் மின்சாரம் அடியோடு நின்றால் எங்கிருந்து பார்ப்பது?

ஆத்தங்குடியில் தளக்கல் ஏற்றிக்கொண்டு காரைக்குடிக்குக் கிளம்பும் நேரத்தில், சாவியைத் திருப்பியும் மீட்டர் போர்டில் ஒரு விளக்குகூட எரியாவிட்டால், பேட்டரி போய்விட்டது என்றுதான் பலரும் முடிவுகட்டுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படி நம்பிப் புதுப் பேட்டரி வாங்கினேன். மறுவாரமே அதே பழுது திரும்பி வந்தது. பேட்டரியின் நெகட்டிவ்வை வண்டியின் இரும்போடு இணைப்பது எர்த் ஒயர்; அதைச் சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பிடித்திருந்த ஒரு போல்ட் தளர்ந்திருந்ததுதான் காரணம். ஆகவே எதையும் வாங்கும் முன் அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர், 10-ஆம் எண் ஸ்பேனர், உப்புத்தாள் ஆகியவை இருந்தாலே பெரும்பாலான சோதனைகளைச் செய்துவிடலாம்.

வண்டியை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். கைவிரல் மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிடுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் அருகில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது.

முதலில், சாவி போடாமலே நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்து மின்னவைக்கும் ஹசார்டு சுவிட்சை அழுத்துங்கள். பெரும்பாலான வண்டிகளில் இதற்கான மின்சாரம் சாவியைத் தொடாமல் வருகிறது. அது நன்றாக மின்னி, சாவி போட்டால் மட்டும் ஒன்றும் வராவிட்டால், பழுது பெரும்பாலும் சாவி சுவிட்சிலோ அதற்குரிய ஃபியூஸிலோ இருக்கும். ஹசார்டும் மின்னவில்லை என்றால், பேட்டரி, டெர்மினல், எர்த், மெயின் ஃபியூஸ் என்ற வரிசையில் பாருங்கள்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, கம்பி முனைகளைப் பேட்டரியின் ஈயத் தூண்களிலேயே அழுத்துங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் வைக்காதீர்கள். 12 வோல்ட் பேட்டரியானால் முழுச் சார்ஜில் 12.6 வோல்ட்டும், பாதியில் ஏறக்குறைய 12.2 வோல்ட்டும் காட்டும். 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டும். நம் பக்கத்துக் கோடையில் பேட்டரி நீர் விரைவில் வற்றுவதால், மூடி திறக்கும் வகையாக இருந்தால் மட்டத்தைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் ஆகாது.

12.6 காட்டியும் வண்டி செத்துக் கிடந்தால், புதிதாகக் கற்பவர் தடுமாறுவது இங்கேதான். மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது என்பதால், ஒயரில் ஓரிழை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். தூர்ந்துபோன வரத்துக்காலில் நீர் கசிந்துகொண்டிருந்தாலும் ஊருணி நிரம்பாததைப் போல, அந்த ஓரிழை எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தைக் கொடுக்காது. எனவே மின்சுமை இருக்கும்போது, அதாவது ஏதாவதொன்று மின்சாரத்தை இழுக்கும்போது, அளக்க வேண்டும். ஹெட்லைட் சுவிட்சைப் போட்டுவிட்டு, ஒரு முனையை ஈயத் தூணிலும் மறுமுனையை அதே தூணின் கிளாம்பிலும் வையுங்கள். இணைப்பு நன்றாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் பழுது அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. பிறகு நெகட்டிவ் தூணுக்கும் எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இரும்புக்கும் இடையே, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி அளவெடுங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயரின் இரு முனைகளையும் கழற்றிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். செம்மண் புழுதியும் மழை ஈரமும் சேர்ந்து போல்ட்டுக்கு அடியில் துருவை வளர்த்துவிடுகின்றன; மேலிருந்து பார்த்தால் அது தெரியாது.

கழற்றும்போது நெகட்டிவ்வை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவ்வில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது ஷார்ட் ஆகாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் பொடியை ஆப்ப சோடா கரைத்த நீரால் கழுவி, கரைசல் பேட்டரிக்குள் இறங்காமல் துடைத்து, உலோகம் பளிச்சிடும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இறுக்கிய பிறகு வெளிப்புறத்தில் வாசலின் தடவலாம்.

இணைப்புகள் சரியாக இருந்தும் மின்சாரம் வரவில்லையென்றால் பேட்டரிக்கு அருகிலுள்ள மெயின் ஃபியூஸைச் சோதியுங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றுவது வண்டியையே தீக்குக் கொடுப்பதாகும். புது ஃபியூஸும் உடனே எரிந்தால், எங்கோ ஒயர் உரசி ஷார்ட் ஆகியிருக்கிறது. அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

மின்சாரம் திரும்பியதும், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட்டைப் பாருங்கள். முழுச் சார்ஜில் இருந்தும் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி உள்ளுக்குள் பலமிழந்துவிட்டது, அப்போது மாற்றுவதே சரி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12.6-லிருந்து இறங்கிக்கொண்டே போனால், பட்டறையில் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்னேட்டரின் பெல்ட்டை முதலில் தொட்டுப் பாருங்கள், எஞ்சினை நிறுத்திய பிறகு. ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். திடீரென எகிறும் வோல்ட்டேஜ் இன்றைய வண்டிகளில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான ஈசியூவைக் கெடுத்துவிடும்.