சோவியத் செஸ் சாம்பியன்ஷிப் வரலாறு: எங்க ஆரம்பிச்சு எப்படி படிக்கறது

ஜெயிச்சவங்க லிஸ்ட்டை மனப்பாடம் பண்றதுதான் எல்லாரும் மொதல்ல பண்ற வேலை, நானும் அதைத்தான் பண்ணேன், ஒரு மாசம் வேஸ்ட். 1920-லேருந்து 1991 வரைக்கும் 58 போட்டி, போட்வின்னிக் ஆறு தடவை, தால் ஆறு தடவைன்னு ஒப்பிச்சுடலாம், ஆனா கதை பூரா ரெண்டாவது எடத்துலயும் அஞ்சாவது எடத்துலயும்தான் உக்காந்திருக்கு. அதனால லிஸ்ட்டை ஓரமா வச்சுட்டு கிராஸ்டேபிளை எடுங்க. யாரு யாரை அடிச்சாங்க, யாரோட டிரா, எல்லாம் கட்டம் போட்டு இருக்கும்ல, அதான். கூட ஒரு நோட்டு, பழைய ஆட்டங்களைத் தேடிப் பாக்க ஒரு கேம் டேட்டாபேஸ், நெசமான ஒரு போர்டு, அவ்ளோதான் வேணும்.

நோட்டுல வருஷத்தை வச்சு எழுதாதீங்க, எத்தனாவது சாம்பியன்ஷிப்னு நம்பர் போட்டு எழுதுங்க. ஏன்னா 1961-ல ரெண்டு நடந்துச்சு, வருஷ ஆரம்பத்துல மாஸ்கோல 28-வது, பெட்ரோசியன் ஜெயிச்சாரு, வருஷக் கடைசில பாகுல 29-வது, ஸ்பாஸ்கி ஜெயிச்சாரு. 34-வது இன்னும் மோசம், 1966 டிசம்பர்ல திபிலிசில ஆரம்பிச்சு 1967-ல முடிஞ்சுது, அதே 1967-லயே கார்கிவ்ல 35-வதும் வந்துடுச்சு. அப்போ 1967 சாம்பியன் யாருன்னு கேட்டா ஸ்டெய்ன்னு சொன்னாலும் சரி, தாலும் பொலுகாயெவ்ஸ்கியும்னு சொன்னாலும் சரி, சண்டை போட்டுக்கிட்டே இருக்கலாம்.

எண்ணும்போது ரெண்டு எடத்துல வழுக்கும். மொதல் சாம்பியன்ஷிப்னு சொல்ற 1920 மாஸ்கோ போட்டி நடந்தப்போ சோவியத் யூனியன்னு ஒரு நாடே கெடையாது, 1922 டிசம்பர்லதான் அது உருவாச்சு. அப்போ அதுக்கு அகில ரஷ்ய செஸ் ஒலிம்பியாட்னு பேரு, உள்நாட்டுப் போர் நேரம், சாப்பாட்டுக்கே கஷ்டம், ஆடறவங்க ரேஷனைக் கேட்டு நடுவுல ஸ்ட்ரைக் பண்ற அளவுக்குப் போச்சு. அதுல ஒரு கேம்கூட தோக்காம ஜெயிச்ச அலெக்கைன் அடுத்த வருஷமே நாட்டை விட்டுப் போயிட்டாரு. பின்னாடிதான் அதை மொதல் சாம்பியன்ஷிப்னு கணக்குல சேர்த்தாங்க.

இன்னொன்னு 1941. 1940-ல 12-வது சாம்பியன்ஷிப்ல லிலியென்தாலும் பொண்டரெவ்ஸ்கியும் சேந்து மொத எடம், போட்வின்னிக் கீழ போயிட்டாரு. ஒடனே ஆறு பேரை வச்சு "அப்சொல்யூட் சாம்பியன்ஷிப்"னு புதுசா ஒன்னு நடத்துனாங்க, போட்வின்னிக் பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சாரு. வெளையாட்டுல அவர் பெட்டர்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா ஏற்பாடு பண்ண விதம் கொஞ்சம் நெருடும். அது 58-ல சேராது, நோட்டுல தனிப் பக்கம் போடுங்க.

இப்போ கிராஸ்டேபிள் படிக்கற விதம். மேலேருந்து கீழ வராதீங்க, மொதல்ல சாம்பியனோட வரிசைல இருக்கற சைபரை, அதாவது தோல்வியை எண்ணுங்க (ஜெயிச்சா ஒரு பாயின்ட், டிரான்னா அரை). 1955, 22-வது போட்டி, கெல்லர் 19 ரவுண்டுல அஞ்சு தோல்வி! இப்போ ஒரு பெரிய டோர்னமென்ட்ல அஞ்சு தோத்தா கடைசி பக்கமாதான் தேடணும், அவரு 10 ஜெயிச்சு 4 டிரா பண்ணி 12 பாயின்ட்ல ஸ்மிஸ்லோவோட டை ஆகி, பிளே-ஆஃப்லயும் அவரைத் தட்டிட்டாரு. அதே டேபிள்ல போட்வின்னிக் எங்க இருக்காருன்னு பாருங்க, அப்போ அவருதான் வேர்ல்ட் சாம்பியன், ஆனா உள்ளூர் சாம்பியன் ஆக முடியல. 1951-லயும் அதே கதை, கெரஸ் ஜெயிச்சாரு, போட்வின்னிக் அஞ்சாவது. உலகத்தை ஜெயிக்கறதைவிட ஊரை ஜெயிக்கறது கஷ்டம்னு சும்மா சொல்லல.

அடுத்தது கடைசி ரவுண்ட். ஒரே ஒரு டேபிளுக்குத்தான் நேரம் இருக்குன்னா 1958 ரீகா, 25-வது, அதை எடுங்க. அது உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றும்கூட, மொத நாலு பேருக்குத்தான் இன்டர்சோனல், அதாவது அடுத்த கட்டத் தகுதிப் போட்டிக்குப் போற சான்ஸ். கடைசி ரவுண்ட்ல ஸ்பாஸ்கி வெள்ளை, தால் கறுப்பு, தாலோட சொந்த ஊர்ல. ஸ்பாஸ்கிக்கு நல்ல பொசிஷன்ல, பின்னாடி தொடரலாம்னு ஆட்டத்தை நிறுத்தி வச்சாங்க, திரும்ப உக்காந்தப்போ கைவிட்டுப் போயிடுச்சு. தால் சாம்பியன், ஸ்பாஸ்கி அஞ்சாவது. தால் ரெண்டு வருஷத்துல வேர்ல்ட் சாம்பியன், ஸ்பாஸ்கி 1969 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு, நடுவுல 1961 மாஸ்கோலயும் கடைசி ரவுண்ட்ல ஸ்டெய்ன்கிட்ட தோத்து மறுபடி வெளிய. அந்த ரீகா கேமை என்ஜின் (செஸ் கம்ப்யூட்டர் புரோகிராம்) ஆஃப் பண்ணிட்டு போர்டுல காய் வச்சு ஆடிப் பாருங்க, என்ஜின் நம்பரைப் பாத்துட்டே போனா ஸ்பாஸ்கியோட பதட்டம் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

தால்னதும் ஞாபகம் வருது, மெட்ராஸ்ல சோவியத் கலாச்சார மையத்துல நம்ம செஸ் மாஸ்டர் மானுவல் ஆரோன் 1972-ல ஆரம்பிச்ச கிளப்புக்கு தால் பேருதான், சின்ன வயசு ஆனந்த் அங்கதான் போய் ஆடுனாரு. சரி விஷயத்துக்கு வரேன்.

தேடும்போது பழைய ஊர்ப் பேர்ல தேடுங்க. கஸ்பரோவும் ப்சாகிஸும் 1981-ல பட்டத்தைப் பகிர்ந்துகிட்டது ஃப்ரூன்ஸேல, இப்போ அது பிஷ்கேக். அப்புறம் நாட்டை விட்டுப் போனவங்க பேரைத் தனியா வட்டம் போட்டு வைங்க, பழைய சோவியத் புத்தகத்துல இவங்களை மழுப்பிட்டுப் போயிருப்பாங்க. 1924, 1925 ரெண்டும் ஜெயிச்ச போகோல்யுபோவ், 1927-ல பட்டத்தைப் பகிர்ந்துகிட்ட பொகாதிர்ச்சுக், அப்புறம் குல்கோ. 1977-ல குல்கோவும் டோர்ஃப்மனும் டை, பிளே-ஆஃபும் டை, ரெண்டு பேருமே சாம்பியன். குல்கோ வெளிய போகணும்னு கேட்டதுக்கு வருஷக்கணக்குல விடல, 1986-லதான் விட்டாங்க, போய் 1994-லயும் 1999-லயும் அமெரிக்க சாம்பியன் ஆயிட்டாரு. ரெண்டு நாட்டுப் பட்டமும் வாங்குனது அவரு ஒருத்தர்தான்.

எத்தனாவது சாம்பியன்ஷிப்பை மொதல்ல படிக்கறதுன்னு ஆர்டர் கேட்டீங்கன்னா 25, 22, 28, 12, அப்புறம் 1. கடைசி 58-வது, 1991 மாஸ்கோ, மினாசியன் ஜெயிச்சது, அதை எல்லாம் முடிச்சுட்டுப் பாருங்க, அது நடந்த வருஷம் முடியறதுக்குள்ள அந்த நாடே இல்ல.