மலையக வீட்டுக்குப் பற்றரி இன்வேட்டர்: முதலில் வயரிங்கைப் பிரியுங்கள்

கூரையில் சூரியப் படல்கள் (சோலார் பனல்கள்) இருந்தும், கரண்ட் போனால் பட்டப்பகலிலேயே வீடு செயலிழந்து கிடப்பது பலருக்கு வியப்பாக இருக்கிறது. மின்சார சபையின் கம்பியோடு மட்டும் இணைந்து இயங்கும் இன்வேட்டர் (படல் அல்லது பற்றரியின் நேரோட்டத்தை, அதாவது DC மின்னை, வீட்டுக்கான மின்னாக மாற்றும் கருவி), அந்தக் கம்பியில் மின் நின்றவுடன், அதைத் திருத்த ஏறும் ஊழியரின் உயிரைக் கருதித் தானும் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே, காற்றுக்கும் மழைக்கும் மரம் சாய்ந்து கம்பி அறுகின்ற ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா போன்ற இடங்களில், பற்றரியோடு மின்தடையின்போது தனியே இயங்கும் வெளியீடும் உள்ள இன்வேட்டரே பயன்படும்.

வீடு முழுவதையும் அதில் ஏற்ற நினைப்பது வீண்செலவு என்பது என் கருத்து. 9 வாட் மின்குமிழ்கள் ஆறு, ரவுட்டர், தொலைக்காட்சி, தொலைபேசிச் சார்ஜர்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஏறத்தாழ 150 வாட்தான். 25.6 வோல்ட், 100 அம்பியர் மணி கொண்ட லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியின் கொள்ளளவு 2,560 வாட் மணி. அதில் 80 சதவீதத்தை மட்டும் எடுத்து, இன்வேட்டரின் இழப்பையும் கழித்தால், இந்தச் சுமையைப் பன்னிரண்டு மணித்தியாலம் தாங்கும். சுடுநீர் ஷவர், மின்கேத்தல், மின்னழுத்தி, அறைச்சூடாக்கி ஆகியவற்றைச் சேர்க்கவே வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியைச் சேர்ப்பதானால், அது இயங்கத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பலமடங்கு மின்னை இழுக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

இனி வயரிங். இதைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரே செய்ய வேண்டும். ஆனால் எதைச் செய்கிறார் என்பது வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிரதான விநியோகப் பெட்டியிலிருந்து தனி பிரேக்கர் ஒன்றின் வழியாக இன்வேட்டரின் உள்ளீட்டுக்குக் கம்பி செல்லும். வெளியீட்டிலிருந்து புறப்படும் கம்பி, தனக்கென்று ட்ரிப் சுவிச்சும் (போகும் மின்னும் திரும்பும் மின்னும் சமமாக இல்லாவிட்டால் விழுவது) பிரேக்கர்களும் கொண்ட இரண்டாவது சிறு பெட்டிக்குப் போகும். அவசியமான சுற்றுகளை மட்டும் அதற்கு மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது லைவ் கம்பியை மட்டும் கொண்டுபோய், நியூட்ரலைப் பழைய பெட்டியிலேயே விட்டுவிடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. ஒரு வழியாகப் போன மின் வேறு வழியாகத் திரும்புவதால், விளக்கைப் போட்டவுடன் ட்ரிப் சுவிச் விழும். பழைய வீடுகளில் மாடிப்படி விளக்குக்குப் பக்கத்துச் சுற்றின் நியூட்ரலை எடுத்திருப்பார்கள். சுவர் ஒட்டிய லயன் வீடுகளில் அடுத்த வீட்டுக்கே ஒரு கம்பி போயிருக்கவும் கூடும். எனவே, மின்னை முற்றாக நிறுத்தி, கம்பிகளைக் கழற்றி, மாற்றப்போகும் நியூட்ரலுக்கும் பழைய நியூட்ரல் பட்டைக்கும் இடையில் தொடர்பு ஏதும் இல்லை என்று மீற்றரால் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். எர்த் மட்டும் இரண்டு பெட்டிகளுக்கும் பொதுவானது.

பற்றரியில் ஓடும்போது இன்வேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு இணைகிறதா என்பதையும் கையேட்டில் பாருங்கள். இணையாவிட்டால், மின்கசிவு ஏற்பட்டாலும் ட்ரிப் சுவிச் விழாமல் போகலாம். அதிலுள்ள சோதனைப் பொத்தான் எர்த் இல்லாத வீட்டிலும் வேலை செய்யும் என்பதால், அதை அழுத்தித் திருப்திப்படாமல், உரிய சோதனைக் கருவியால் பற்றரி ஓட்டத்திலும் அளக்கச் சொல்லுங்கள்.

பற்றரிப் பக்கத்தில் வோல்ட் குறைவு, அம்பியர் அதிகம்: 1,000 வாட்டுக்கு 24 வோல்ட் தொகுதியில் 40 அம்பியருக்கு மேல் ஓடும். கம்பி தடிப்பாகவும் குட்டையாகவும் இருக்க, நேரோட்டத்துக்கென்று செய்த பியூஸ் நேர்முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். இவ்வகைப் பற்றரியை 0 பாகை செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. ஜனவரியில் உறைபனி விழும் நுவரெலியாவில் அதை வெளித் தாழ்வாரத்தில் வைக்காதீர்கள். குளிரில் படல்களின் வோல்ட் உயரும் என்பதால், இன்வேட்டரின் உச்ச எல்லைக்குக் கீழே இடைவெளி விட்டே அவற்றைத் தொடராக இணையுங்கள். நாட்கணக்கில் மூடுபனி நிற்கும் காலத்தில் வெயிலை நம்பிப் பயனில்லை. கரண்ட் இருக்கும்போதே பற்றரி நிறையும்படி அமைத்துவிடுங்கள்.

இரு பக்கமும் ஆண்முனை கொண்ட கம்பியைச் சுவர்ப் பிளக்கில் செருகி வீட்டுக்கு மின் கொடுப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள்; அந்த மின் தெருக் கம்பிவரை போகும். வேலை முடிந்ததும், பிரதான சுவிச்சை அணைத்து, இன்வேட்டர் ஓடும் நிலையில், மின்சார சபைப் பக்கத்து உள்ளீட்டு முனைகளில் மின் இல்லை என்பதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, இந்தச் சுவிச்சை அணைத்தாலும் இரண்டாவது பெட்டியில் மின் இருக்கும் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் பிரதான சுவிச்சின் அருகில் ஒட்டுங்கள்.