பிரேசர் மலைக்கு ஒரு நாள் பயணம்: இறங்கும்போது பிரேக்கைக் காப்பாற்றுவது எப்படி?

பகாங் மாநிலத்தில், தித்திவங்சா மலைத்தொடரின் மீது ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிரேசர் மலைக்குக் கோலாலம்பூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆட்டோ கியர் மகிழுந்தை நகருக்குள் மட்டுமே ஓட்டிப் பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன்; நானும் முதன்முறை அப்படித்தான் போனேன்.

படி 1. வார நாளில், காலை ஆறு மணிக்கெல்லாம் செலாயாங்கைத் தாண்டிவிடுங்கள். ரவாங், பத்தாங்காலி வழியாகச் செல்லும் பழைய சாலையே என் விருப்பம்; டோல் இல்லை, வழியில் பசியாறவும் கடைகள் உண்டு.

படி 2. கோல குபு பாருவில் எண்ணெயை முழுமையாக நிரப்புங்கள். மலைமேல் எண்ணெய் நிலையம் கிடையாது. வரைபடத்தையும் இங்கேயே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போகப் போக அலைவரிசை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

படி 3. சுங்கை சிலாங்கூர் அணையைக் கடந்து, 55ஆம் எண் கூட்டரசுச் சாலையில் கேப் சந்திப்பு வரை செல்லுங்கள். அங்கிருந்து சுமார் 8 கிலோமீட்டர் குறுகலான ஏற்றம். மேலே செல்லப் பழைய சாலை, புதிய சாலை என இரண்டு இருந்தாலும், மண்சரிவால் புதியது மூடப்படும் காலங்களில் பழைய சாலையிலேயே நேரம் பிரித்து ஏறவும் இறங்கவும் விடுவார்கள். ஆகவே சந்திப்பில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் ஏறாதீர்கள்.

படி 4. கொடி படர்ந்த மணிக்கூண்டருகே வண்டியை நிறுத்திவிட்டு நடங்கள். பறவை பார்ப்பவர்கள் தொலைநோக்கியை மறக்க வேண்டாம். பிற்பகலில் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும் என்பதால் இரண்டு மணிக்குள் இறங்கத் தொடங்குவதே நல்லது.

படி 5. நான் சறுக்கியது இங்கேதான். கியரை டியிலேயே (D) விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடி இறங்கினேன். பாதி வழியில் கருகல் வாடை வந்தது. மிதிகட்டை வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. ஓரங்கட்டி முன்சக்கரத்தருகே கையை நீட்டினால் அனல் அடித்தது. தண்ணீர்ப் புட்டியைத் திறந்தபோது, பின்னால் வந்து நின்ற லாரிக்காரர், “தண்ணி கிண்ணி ஊத்திறாதீங்க தம்பி, அப்படியே ஆறட்டும்” என்று தடுத்தார். கொதிக்கும் பிரேக் தட்டில் குளிர்ந்த நீர் பட்டால் அது கோணிக்கொள்ளவோ விரிசல் விடவோ கூடும்.

பிரேக் எண்ணெய் நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் உண்டாகும் ஆவி அமுங்கிக்கொடுப்பதால், மிதித்த விசை சக்கரத்தை எட்டுவதில்லை.

எனவே இறக்கம் தொடங்குமுன்பே கியரை 2க்கோ எல்லுக்கோ (L) மாற்றுங்கள்; தாழ்ந்த கியரில் எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். எஞ்சின் இரையும்; எஞ்சின் சுழற்சியைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை அஞ்ச வேண்டாம். வேகம் கூடினால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து, வேகம் குறைந்ததும் காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். மிதிகட்டையின் மேல் காலைச் சும்மா வைத்திருப்பதுதான் கேடு. நியூட்ரலில் உருட்டவே கூடாது.

பிற்சேர்க்கை: தம் வண்டியில் 2, எல் இல்லையே என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சில வண்டிகளில் அவற்றுக்குப் பதிலாக எஸ் (S) அல்லது பி (B; நிறுத்தி வைக்கும் P அல்ல) இருக்கும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொருவர், இறங்கும்போது பின்வண்டி ஒட்டிக்கொண்டே வந்ததாக எழுதியிருந்தார். எஞ்சினால் வேகம் குறையும்போது பின்னாலுள்ள பிரேக் விளக்கு எரியாது. ஆகவே பின்னால் வண்டி வந்தால், மிதிகட்டையை இரண்டு முறை இலேசாகத் தொட்டு விளக்கைக் காட்டுங்கள்.