அம்பாசடர் செல்ஃப் எடுக்கலையா? பேட்டரி வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

தோட்டத்துச் சாளையில் மாதக்கணக்கில் நிற்கும் பழைய பெட்ரோல் அம்பாசடர் ஸ்டார்ட் ஆகாவிட்டால், பலரும் உடனே பேட்டரியை மாற்றுவார்கள், அப்புறம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள். பல வண்டிகளில் இரண்டுமே நன்றாக இருக்கும். கோளாறு ஏதாவது ஒரு முனையில் பச்சை பூத்துக் கிடக்கும். அதனால் செலவுக்கு முன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு. பேட்டரிப் பக்கம் பீடி, தீக்குச்சி ஆகாது.

நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான், முதலில் சார்ஜ் போடுங்கள். பிறகு ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டே செல்ஃப் அடியுங்கள். லைட் மங்கவுமில்லை, சத்தமும் இல்லை என்றால் சோலினாய்டையோ (செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) அதற்குப் போகும் சின்ன ஒயரையோ பாருங்கள். சாளையில் எலி கடித்த ஒயராகவும் இருக்கும். 'டக்'கென்று ஒரு சத்தம் வந்து லைட் மங்கி நின்றால் செல்ஃபின் சின்னப் பல்சக்கரமான பினியன், இன்ஜின் ஃப்ளைவீலின் பல் ரிங்கில் சிக்கியிருக்கலாம். சாவியை எடுத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடும். பினியனை முன்னே தள்ளும் பெண்டிக்ஸுக்கு ஆயில் போடவே கூடாது. நம்ம செம்மண் புழுதி அதில் ஒட்டிப் பசையாகி மறுபடி சிக்கும். மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்தால் போதும்.

லைட் மங்கி, இன்ஜின் முக்கி முக்கிச் சுற்றுகிறதா? எர்த்தைச் சோதியுங்கள், அதாவது பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் இணைப்பை. மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் எர்த் கம்பத்தில், மற்றொன்று இன்ஜினில் துரு இல்லாத இரும்பில். ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் தடை இருக்கிறது. இன்ஜின் ரப்பர் மவுண்ட்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், சேஸிஸுக்குப் போகும் பின்னல் எர்த் பட்டைதான் அதற்குப் பாதை. அது அறுந்தால் கரண்ட் சோக் கேபிள் வழியாகப் பாயும். செல்ஃப் அடித்ததும் சோக் கேபிள் சுட்டால் வேறு சோதனையே வேண்டாம், பட்டையை மாற்றுங்கள்.

கிளாம்ப்புகளைக் கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாளால் ஈயம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும்; பாடிக்குப் போகும் ஒயர் எந்த முனையில் இருந்தது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள்.

எர்த் சரியாகியும் மெதுவாகவே சுற்றினால்தான் செல்ஃபைக் கழற்ற வேண்டும். ஆர்மேச்சரை (செல்ஃபுக்குள் சுழலும் கம்பிச் சுற்று) ரீவைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் கார்பன் பிரஷ், தண்டைத் தாங்கும் புஷ் ஆகியவற்றின் தேய்மானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் உரசும், பேட்டரியை உறிஞ்சிவிடும்.

இன்ஜின் வேகமாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறங்கள். ஆயுத பூஜைக்குக் கழுவிய வண்டியில் உள்ளே ஈரம் இருக்கும், துணியால் துடையுங்கள். பித்தளை முனைகளுக்கு நடுவே பென்சில் கோடு போலக் கருப்பு ஓடியிருந்தால் மூடி போயிற்று. உள்ளே கரண்டை விட்டு விட்டு அறுக்கும் தொடுமுனைதான் பாயிண்ட். அது முழுவதும் திறந்த நிலையில் இடைவெளி ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். பாயிண்ட் நீலம் பாய்ந்து கருகியிருந்தால், அதில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றுங்கள். பாயிண்டை மட்டும் போட்டால் அதுவும் சீக்கிரமே கருகும்.