சின்னம் கிடைத்த ராத்திரி: ஊராட்சித் தேர்தலுக்கு நோட்டீஸ் செய்வது எப்படி

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை, அதாவது கம்ப்யூட்டரில் டிசைன் செய்து கொடுக்கும் கடை, வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளக்ஸ், கோயில் கொடை நோட்டீஸ் என்று அன்றாடம் ஓடும். 2021 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் தெரு மதினி ஒருவர் ஊராட்சித் தலைவருக்கு நின்றார். பணம் கிடையாது, ஆள் நல்லவர். அவருக்கு நோட்டீஸ், போஸ்டர் எல்லாம் நான்தான் செய்தேன். கையில் தொழில் இருக்கிறது, நம்புகிற ஒருவருக்கு உதவ வேண்டும் என்று நினைக்கிற டிசைனர்களுக்கு அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் நாள் கணக்கு. எங்கள் மாவட்டத்தில் அக்டோபர் 6, 9 என இரண்டு கட்டமாக ஓட்டுப்பதிவு. மனு வாபஸ் வாங்கக் கடைசி நாள் செப்டம்பர் 25. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. வாபஸ் முடிந்த பிறகுதான் சின்னம் கைக்கு வரும். அப்புறம் பத்து நாள்கூடச் சரியாக இருக்காது. ஆகவே மனு போட்ட அன்றே வேலையை ஆரம்பியுங்கள். படம், பெயர், வாசகம் எல்லாம் வைத்து, சின்னத்துக்கு மட்டும் இடம் விட்டு லேஅவுட்டைத் தயாராக வைத்திருங்கள். சின்னம் வந்த ராத்திரியே ஃபைல் அச்சகத்துக்குப் போய்விட வேண்டும்.

படத்துக்கு ஸ்டுடியோ வேண்டாம். காலை எட்டு மணி வெயிலில், வீட்டு நடைவாசலில் நிழல் விழும் பக்கமாக நிறுத்தி எடுங்கள். முகத்தை வெளுக்கவே வெளுக்காதீர்கள். மதினி கறுப்பு, தினமும் தண்ணீர்க் குழாயடியில் அவரைப் பார்க்கிற ஊர் அது. போட்டோஷாப்பில் வேறொரு பெண்ணாக மாற்றிக் கொடுத்தால் வாங்குகிறவர்கள் மனதுக்குள் ஒரு அடி தள்ளி நிற்பார்கள். தேமல் இருந்தால்கூட நான் விட்டுவிடுவேன்.

வாசகத்தில் டிசைனர் தலையிடலாமா என்று கேட்பார்கள். தலையிடத்தான் வேண்டும். கூட இருப்பவர்கள் பதினாறு வாக்குறுதி எழுதிக்கொண்டு வந்தார்கள், அதில் அரசு வேலையும் ஒன்று. தெருவிளக்கு, குடிதண்ணீர், வாறுகால் (கழிவுநீர் ஓடும் சாக்கடை), தெருச் சுத்தம், இவைதான் ஊராட்சி கையில் இருப்பது. மதினியிடம் அதைச் சொல்லி நான்காகக் குறைத்தோம். ‘கீழத்தெரு வாறுகால்’ என்று தெருப் பெயரோடு போட்டோம். எழுத்தும் பெரிதாக வந்தது.

இனி சின்னம். இதில்தான் நான் தப்புச் செய்தேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன். மதினிக்குப் பூட்டு சாவி கிடைத்தது. நெட்டில் தேடி, தங்க நிறத்தில் பளபளவென்று நிழல் விழுகிற ஒரு பூட்டை எடுத்து, பக்கத்தில் சாவியை வைத்தேன். ஸ்கிரீனில் அழகாகத்தான் இருந்தது. நூறு காப்பி எடுத்துக்கொண்டு மறுநாள் தெருவில் இறங்கினோம். திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவரிடம் கொடுத்தேன். கை நிற்காமல் கண்ணை மட்டும் இறக்கிப் பார்த்துவிட்டு, “ஏ தாயி, இது என்ன, பை மாதிரில்லா இருக்கு?” என்றார். குனிந்து பார்த்தேன். மேலே வளைவு, கீழே மினுமினுக்கிற பெட்டி. கைப்பையேதான். சாவி அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

வாக்குச்சீட்டில் இருப்பது கறுப்புக் கோட்டில் வரைந்த சாதாரணப் பூட்டு. முத்திரையைக் கையில் வாங்கி மறைவுக்குள் போகும்போது ஆச்சி தேடப்போவது அந்தக் கோட்டுப் படத்தைத்தான். அப்படியானால் நோட்டீஸில் பார்த்துப் பழக வேண்டியதும் அதுதானே? இந்தியத் தேர்தல் ஆணையத்தில் எம்.எஸ். சேத்தி என்று ஒரு வரைவாளர் இருந்தார், 1992-ல் ஓய்வு பெற்றவர். நாம் பார்க்கிற சுயேச்சைச் சின்னங்கள் பலவற்றைப் பென்சிலால் வரைந்தவர் அவர். எழுத்துத் தெரியாதவர் கண்ணுக்குப் பிடிபட வேண்டும் என்று வரைந்த கோடுகள் அவை. அதை நாம் திருத்தவே கூடாது.

ஒன்றிய அலுவலகத்தில் ஒட்டியிருக்கும் சின்னப் பட்டியலை நேராக நின்று போட்டோ எடுங்கள். கோரல்ட்ரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் அதன் மேலேயே கோடு போட்டு வரையுங்கள், கோடு கொஞ்சம் தடிமனாகவே இருக்கட்டும். நோட்டீஸில் மூன்றில் ஒரு பங்கு இடம் சின்னத்துக்கு. பிறகு அதைப் பழைய ஜெராக்ஸ் மெஷினில் ஒரு காப்பி எடுத்துத் தரையில் போட்டு, நின்றபடி பாருங்கள். சாவியின் பல் தெரிந்தால் சரி.

தாளின் நிறமும் முக்கியம். கிராமத்து வாக்காளர் கையில் அன்று நான்கு சீட்டு வரும்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது இளநீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். எந்தச் சீட்டில் எந்தச் சின்னம் என்று வயதானவர்கள் குழம்புவார்கள். இரண்டாவது தடவை மல்டிகலரை விட்டுவிட்டு, ரோஸ் கலர் தாளில் கறுப்பு மை மட்டும், எட்டில் ஒரு டெமி சைஸில் (ஏறக்குறைய ஏ4 தாளில் பாதி) அடித்தோம். “ரோஸ் சீட்டில பூட்டு சாவி, ஆச்சி” என்று சொன்னால் போதும், தாளே மற்றதைச் சொல்லிவிடும். செலவும் குறைவு. 2021-ல் தலைவர் வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பே 34,000 ரூபாய்தான்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தை எல்லாம் கர்வ்ஸாக, அதாவது வரைந்த படம் மாதிரி, மாற்றுங்கள். நம் கடை ஃபான்ட் அங்கே இல்லையென்றால் தமிழ் முழுக்கக் கிறுக்கலாகிவிடும். அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் வர வேண்டும். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கு 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு இதைச் சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் எந்தத் தேர்தலானாலும் அந்த வரியை விடுவதில்லை. இலவசமாகச் செய்தாலும் பில் போட்டுக் கொடுங்கள், வேட்பாளர் கணக்குக் காட்ட உதவும்.

பார்டரில் ரெண்டு கலர் பட்டை மட்டும் போடச் சொல்லி ஒருவர் வந்தார். எந்த ரெண்டு கலர் என்று சொன்னதுமே புரிந்துவிட்டது. கரண்டு கம்பத்தில், கிணற்றுச் சுவரில் சாதிக் கலர் அடித்து அடிதடியான ஊர்கள் நம் பக்கத்தில் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். “அண்ணாச்சி, இதை நான் செய்ய மாட்டேன்” என்றேன். மதினியும் வேண்டாம் என்றுவிட்டார். அந்த மாதிரிக் கோரிக்கை உங்களுக்கும் வரும், சின்னப் பட்டைதானே என்று தோன்றும்படியாகத்தான் வரும். மவுஸைக் கீழே வைத்துவிடுங்கள்.

போஸ்டர் கொஞ்சமாக அடித்தோம், சுவர்க்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஒட்டினோம். ஓட்டு எண்ணி முடிந்த வாரம் நானும் மதினியும் போய் அத்தனையையும் கிழித்தோம். நனைத்த சாக்கை அரை மணி நேரம் போஸ்டர் மேல் சாத்தி வையுங்கள். பசை ஊறியதும் தகரத் துண்டால் கீழிருந்து மேலாகச் சுரண்டினால் சுண்ணாம்பு பெயராமல் வந்துவிடும்.