ஸ்பேனரைத் தரையிலேயே கட்டுங்கள்

முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைகளில் 14 ஆண்டுகள் ஏறி இறங்கினேன். முழங்கால் தேய்ந்த பிறகு இப்போது கருவி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் மேலே போகும் ஒவ்வொரு பையும் என் மேசையைக் கடந்துதான் போக வேண்டும். விழாமல் பிடிக்கும் கயிறு கட்டாத ஸ்பேனர் ஒன்றுகூட அந்த மேசையைத் தாண்ட விடமாட்டேன்.

காரணம் இருக்கிறது. ஒரு மார்ச் மாதம், காற்றுக் காலம் தொடங்குமுன் போல்ட் இறுக்கும் வேலை. கோபுரத்துக்குள் ஏணியில் நடுத்தளத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். மேலே இரண்டு பேர். ஒருவர் ஸ்பேனரை நீட்டினார். மற்றவர் பிடித்துவிட்டார் என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டார். முதலில் சத்தம்தான் வந்தது. இரும்புக் குழாய்க்குள் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. ஏணிச் சட்டத்தில் மோதித் திசைமாறி, என் இடது தோளுக்கு ஒரு சாண் தள்ளிக் கடந்து போனது. கீழ்த்தளத்துத் தகட்டில் அது பதித்த குழியில் என் கட்டைவிரல் நுழைந்தது.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். 80 மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் பொருள் தரைக்கு வர ஏறத்தாழ 4 விநாடி. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். ஹெல்மெட் இருக்கிறதே என்பார்கள். ஐரோப்பாவின் இஎன் 397 தரச் சோதனையில் ஹெல்மெட்டின் மேல் போடுவது 5 கிலோ எடை, அதுவும் ஒரே மீட்டர் உயரத்திலிருந்து. அரை கிலோ ஸ்பேனர் 80 மீட்டரிலிருந்து விழுந்தால் அதைப்போல எட்டு மடங்கு ஆற்றலோடு வரும். ஹெல்மெட் கட்டாயம் போட வேண்டும். ஆனால் அதை நம்பி மேலே கருவியைக் கட்டாமல் விடக் கூடாது.

நான் பார்த்தவரை, போல்ட்டை இறுக்கிக்கொண்டிருக்கும்போது கருவி விழுவது குறைவு. அப்போது கவனம் முழுவதும் கையில் இருக்கிறது. பையிலிருந்து எடுக்கும்போது, பைக்குள் திருப்பி வைக்கும்போது, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும்போதுதான் விழுகிறது. எனவே அந்த நேரங்களிலும் கயிறு மாட்டியே இருக்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஏற்பாடு தரையில், மேசையில் தொடங்குகிறது.

முதலில் எடை. என் மேசையில் சமையலறைத் தராசு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கருவியையும் நிறுத்து, பிடியில் எடையைப் பெயிண்ட் பேனாவால் எழுதிவிடுவேன். கயிற்றின் சீட்டில் போட்டிருக்கும் தாங்கும் எடை அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். சீட்டே இல்லாத கயிற்றை வாங்காதீர்கள். கருவிக் கயிறுகளுக்கென்றே ஏஎன்எஸ்ஐ/ஐஎஸ்இஏ 121 (ANSI/ISEA 121) என்ற அமெரிக்கத் தரம் 2018-இல் வந்தது. சீட்டில் அந்த எண்ணைத் தேடுங்கள். சணல், கேபிள் டை, பிளாஸ்டிக் நூல் எதுவும் இதற்கு ஆகாது. வெயிலில் கிடந்த கேபிள் டை திடீர் இழுப்பில் பட்டென்று ஒடிந்துவிடும்.

அடுத்தது கருவியில் கயிறு மாட்டும் இடம். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். பிடியில் துளை போட்டு வளையம் மாட்டுவது, கம்பி வளையம் வைத்து வெல்டிங் அடிப்பது இரண்டும் வேண்டாம். பதப்படுத்திய எஃகு வெல்டிங் சூட்டில் தன் பலத்தை இழக்கிறது; துளை போட்ட இடத்தில் விரிசல் தொடங்கும். திருகு ஸ்பேனரின் பிடி முனையில் பெரும்பாலும் துளை இருக்கும், அதையே பயன்படுத்துங்கள். துளை இல்லாத கருவிக்கு, தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப்பும் முனையில் வளையம் தைத்த பட்டையும் வேண்டும். பிடியில் இருக்கும் கிரீஸைத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பட்டையின் வாலைப் பிடியோடு ஒட்டிப் படுக்க வையுங்கள். டேப்பை அதன் நீளம் இரு மடங்காகும்வரை இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பாதியளவு மூடும்படி, சுருக்கமில்லாமல் சுற்றிக்கொண்டு போங்கள். எத்தனை சுற்று என்பது உறையிலேயே போட்டிருக்கும். ஒன்றுகூடக் குறைக்காதீர்கள். ஒருநாள் அப்படியே விட்டுவிட்டால் சுற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே ரப்பர் குழாய்போல ஆகிவிடும். மறுநாள் வளையத்தைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். ஒரு நூலளவு நகர்ந்தாலும் பிரித்துவிட்டு மறுபடி சுற்ற வேண்டும்.

சாதாரண மின்சார டேப்பை வைத்து இதைச் செய்ய முடியாது. வெப்பத்தில் அதன் பசை இளகி, பட்டை வழுக்கி வந்துவிடும். மின் காப்புப் பிடி போட்ட கட்டிங் பிளேயருக்கு இரும்பு வளையம் மாட்டாதீர்கள். அதற்கென்று மின்கடத்தாத இணைப்போடு வரும் கருவியை வாங்குங்கள்.

பிரிந்து வரக்கூடிய உறுப்புகளைத் தனியாகக் கவனியுங்கள். 1980 செப்டம்பரில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், டமாஸ்கஸ் ஊருக்கு அருகே டைட்டன் 2 ஏவுகணை வெடித்து ஒரு படைவீரர் இறந்தார். தொடக்கம் எது தெரியுமா? கைப்பிடியிலிருந்து கழன்று சுமார் 80 அடி கீழே விழுந்து, எரிபொருள் தொட்டியைத் துளைத்த ஒரு சாக்கெட், அதாவது பிடியின் முனையில் மாட்டி போல்ட் தலையில் பொருத்தும் குழல். ரேச்செட் பிடியை மட்டும் கட்டிவிட்டு சாக்கெட்டை மறந்துவிடும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்கிறேன். பூட்டு ஊசி உள்ள சாக்கெட்டை வாங்குங்கள். பேட்டரி டிரில் என்றால் பேட்டரிக்கும் தனிக் கட்டு வேண்டும்.

கயிற்றின் மறுமுனையை எங்கே மாட்டுவது என்பதை எடை சொல்லும். ஸ்க்ரூ டிரைவர் போன்ற இலகுவானவை மணிக்கட்டுப் பட்டையில். நடுத்தரமானவை இடுப்பில், கருவிக்கென்று உள்ள வளையத்தில். 2 கிலோவுக்கு மேற்பட்ட எதையும் உடலில் கட்ட நான் விடுவதில்லை. விழும் எடை ஆளையே இழுத்துச் சாய்த்துவிடும். அதைக் கட்டமைப்பில், உறுதியான கம்பியில், தலைக்கு மேலே முடிந்தால் இன்னும் நல்லது, அங்கே மாட்டுங்கள். உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸின் முதுகு வளையமும் மார்பு வளையமும் ஆளைத் தாங்குவதற்கு மட்டும். கயிறு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, கை முழுதாக நீட்ட எட்டினால் போதும். இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று சேர்த்து நீளமாக்க வேண்டாம். விழும் தூரம் கூடினால் இழுப்பும் கூடும். ஒரு கயிற்றுக்கு ஒரே கருவி.

சுழலும் எதன் அருகிலும் மணிக்கட்டில் கயிறு இருக்கக் கூடாது. இறக்கைகள் சுழலாமல் நிறுத்தும் ரோட்டார் பூட்டு போட்டிருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கைமாற்றும்போது இரண்டு கயிறு முறைதான். ஸ்பேனரில் என் கயிறு இருக்கும்போதே வாங்குகிறவர் தன் கொக்கியையும் அதில் மாட்ட வேண்டும். மாட்டித் திருகுப் பூட்டை மூடிய பிறகு, "மாட்டிவிட்டேன், அண்ணாச்சி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் என் கொக்கியைக் கழற்றுவேன். தலையாட்டல் போதாது. கோபுர உச்சியில் இயந்திரங்கள் இருக்கும் கூண்டான நாசெலுக்குள் ஹெல்மெட் விளக்கு வெளிச்சத்தில் தலையாட்டுவது பாதி நேரம் தெரிவதே இல்லை. பையிலிருந்து எடுப்பதும் இதே முறைதான்: பைக்குள் இருக்கும்போதே இடுப்புக் கயிற்றை மாட்டி, பிறகு பைக் கொக்கியைக் கழற்றி, பிறகு வெளியே எடுங்கள். நட்டு, வாஷர் போன்றவற்றைக் கட்ட முடியாது. அவற்றுக்கு வாய் மூடும் சிறு பை. சட்டைப் பையில் செல்பேசியோடு யாரும் ஏற வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் கீழே கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள். இங்கே கணவாய்க் காற்றில் விழும் பொருள் நேராக வராது, இறக்கையிலோ கோபுரத்திலோ மோதினால் எங்கே தெறிக்கும் என்றும் சொல்ல முடியாது.

மாலையில் பை திரும்பி வந்ததும் எண்ணிப் பார்க்கிறேன். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை கோபுரத்தடியில் யாரையும் விடுவதில்லை. பிறகு கயிறுகளை ஒவ்வொன்றாக விரல்களுக்கிடையே உருவிப் பார்ப்பேன். நூல் பிரிந்த இடம், வெயிலில் நிறம் வெளுத்து மொரமொரப்பான இடம், முழுதாக மூடாத கொக்கி இவற்றையெல்லாம் கண்ணைவிட விரல் முதலில் சொல்லிவிடும். மேலே ஒரு கருவி விழுந்து கயிறு அதைப் பிடித்திருந்தால் என்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது இங்கே ஏற்பாடு. சொன்னவரை யாரும் திட்டுவதில்லை. அந்தக் கயிறு பார்வைக்குப் புதிதுபோலவே இருந்தாலும், மறுபடி யாரும் எடுத்துவிடாதபடி கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டித்தான் குப்பையில் போடுகிறேன்.