பகுதிநேர ராணுவமும் இன்ஜினியரிங் படிப்பும்: நியூ ஜெர்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

எடிசனில் புதிதாகக் குடியேறும் பெற்றோர் பலர் கேட்கிறார்கள்: "நேஷனல் கார்டு (National Guard) என்ற பகுதிநேர ராணுவப் படையில் சேர்ந்தால் காலேஜுக்குப் பணம் கட்ட வேண்டாமாமே?" உண்மைதான். நியூ ஜெர்சி படையில் இருப்பவர்கள் மாநில அரசுக் கல்லூரிகளில் செமஸ்டருக்கு 15 கிரெடிட் (பாட அலகு) வரை படிப்புக் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் அதில் அடக்கம். ஹாஸ்டல், சாப்பாடு, மற்ற கட்டணங்கள் நம் பொறுப்பு.

ஆனால் முதலில் விசாவைப் பாருங்கள். எஃப்-1 (மாணவர்), எச்-4 (எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்தினர்) விசாவில் இருப்பவர்கள் சேர முடியாது. கிரீன் கார்டோ (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) குடியுரிமையோ வேண்டும். இங்கேயே வளர்ந்து, கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்கில் காத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வழி அடைபட்டிருப்பது எனக்கு ஆறாத வருத்தம். கிரீன் கார்டில் சேர்பவர்களுக்கும் ரகசியத் தகவல்களைக் கையாளும் வேலைகள் கிடைக்காது.

மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, வருடத்தில் இரண்டு வாரம் பயிற்சி என்பார்கள்; இதைத்தான் டிரில் என்கிறார்கள். அதற்கு முன்னால் 10 வார அடிப்படைப் பயிற்சி, அப்புறம் தொழில் பயிற்சி. அதில் ஒரு செமஸ்டர் போய்விடலாம். ஒப்பந்தம் மொத்தம் 8 வருடம். பெரும்பாலும் 6 வருடம் டிரில், மீதி ரிசர்வ் பட்டியலில், அதாவது டிரில் இல்லாமல், தேவைப்பட்டால் மட்டும் அழைக்கப்படுபவராக. நடுவில் வெளிநாட்டுப் பணிக்கு அழைத்தால் படிப்பை நிறுத்திவிட்டுப் போகத்தான் வேண்டும்.

எங்கள் மகன் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம் படித்தபோது, ஒரு ஞாயிறு ராத்திரி டிரில் முடிந்து வந்தான். மண் அப்பிய பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, மடியில் தெர்மோடைனமிக்ஸ் நோட்டோடு சாம்பார் சாதம் சாப்பிட்டான். மறுநாள் காலை பரீட்சை. அதற்குப் பிறகு ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் டிரில் தேதிகளைப் பேராசிரியர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவான். உங்கள் பிள்ளையும் அப்படியே செய்யட்டும்.

ஆள் சேர்க்க வருபவர் வாயால் சொல்லும் போனஸ், வேலைப் பிரிவு எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். எழுதாதது கணக்கில் வராது. 17 வயதுப் பிள்ளை என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். அன்றைக்கே போடச் சொன்னால், "வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம்" என்று சொல்லுங்கள்.